சண்டைப் படங்களின் நிஜ இடங்கள்: பன்வெல் ரயிலும் தாராவி வீதியும்

மும்பைத் தமிழர் வீட்டுக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், கேட்வே, மகாலட்சுமி கோவில், சித்தி விநாயகர் எல்லாம் பார்த்து முடித்த கையோடு ஒரு கோரிக்கை வைப்பார்கள்: "நாயகன் படம் எடுத்த தாராவியைக் கொஞ்சம் காட்டுங்களேன்." நாமும் தொண்ணூறு அடி சாலையில் இறங்கி, ஏதாவது ஒரு குறுகலான சந்தைக் காட்டி, "இங்கேதான் எங்கேயோ" என்று சொல்லி அனுப்பிவைப்போம். இது நம்மவர்களிடம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிப்போன வழக்கம்.

பழைய சண்டைப் படங்களில் வரும் இடங்களை நேரில் போய்க் கண்டுபிடிப்பது ஒரு பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். சொல்லப்போனால் அது வரலாற்று ஆராய்ச்சிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் வேலை. கல்வெட்டைப் படிப்பவர் எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தைச் சொல்லுவார். படத்தின் இடத்தைத் தேடுபவருக்கு மலையின் விளிம்பு, தண்டவாளம், மின்கம்பி, பாறையின் நிறம் ஆகியவைதான் எழுத்து. அப்படிச் சில படங்களைத் தேடிப் பார்த்ததில் நமக்கு, அதாவது பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு, நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி கிடைத்தது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூரை மேல் நின்ற சண்டை

அம்பர்நாத், பத்லாபூர் பக்கம் இருப்பவர்களுக்கு 'ஷோலே' படத்தின் ரயில் சண்டை மேல் ஒரு சொந்தம் உண்டு. "அது நம்ம கர்ஜத் லைன்ல எடுத்தது" என்று டீக்கடையில் அடித்துச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படத்தைப் பற்றிய குறிப்புகளிலும் "பம்பாய்–பூனா ரயில் பாதையில், பன்வெல் அருகே" என்றுதான் அச்சாகியிருக்கும். இதில் ஒரு முரண் இருப்பதை ரயிலோடு பழகியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்து பூனாவுக்குப் போகும் பாதை கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர், நேரல், கர்ஜத் வழியாகத்தான் போனது. பன்வெல் அதில் இல்லவே இல்லை. பன்வெலையும் கர்ஜத்தையும் இணைக்கும் ரயில் பாதை 2000க்குப் பிறகு வந்தது. அப்படியானால் எந்தப் பாதை?

ரமேஷ் சிப்பி இயக்கிய இப்படத்தின் படப்பிடிப்பு 1973 அக்டோபர் 3 அன்று தொடங்கியது. படம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியாகி, பம்பாய் மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகள் ஓடியது. ரயில் கொள்ளைக் காட்சிக்கு மட்டும் ஏழு வாரங்களுக்கு மேல் பிடித்தது. அக்காட்சியில் நிலக்கரி எஞ்சின் ஓடுகிறது. குதிரைகளில் கொள்ளையர் துரத்துகிறார்கள். வண்டியின் மேலேயே ஓடி ஓடிச் சண்டை நடக்கிறது.

கல்யாணில் ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற, தென்காசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ஐயா, இது கர்ஜத் லைனா இருக்குமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஏன் தம்பி, மேல வயர் போற லைன்ல எவனாவது வண்டிக் கூரையில நின்னு சண்டை போடுவானா? ஆயிரத்து ஐநூறு வோல்ட் ஓடிட்டிருந்த கம்பி அது. சண்டைக்கு முன்னாடியே கதை முடிஞ்சிரும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் விடை கிடைத்துவிட்டது. கல்யாண்–பூனா பாதை 1929, 1930 வாக்கிலேயே மின்மயமாகிவிட்டது. 1970களில் நம் அம்பர்நாத் வழியாகப் போன பாதை முழுக்க மேலே கம்பிதான். படத்திலோ தலைக்கு மேலே வெறும் வானம். எனவே கம்பி இல்லாத, போக்குவரத்துக் குறைவான, வாரக்கணக்கில் ஒரு படக்குழுவுக்கு விட்டுக்கொடுக்கக்கூடிய கிளைப் பாதையாகத்தான் அது இருக்க வேண்டும். பன்வெல் பக்கத்தில் 1960களில் போடப்பட்ட திவா–பன்வெல்–உரண் பாதைகள் இந்த அடையாளங்களுக்கெல்லாம் பொருந்துகின்றன. பன்வெல்–உரண் பாதைதான் அது என்று பலரும் எழுதியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. "பம்பாய்–பூனா பாதை" என்ற குறிப்பில் ஊர் சரி, பாதையின் பெயர்தான் சரியில்லை.

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் இன்று என்ன இருக்கிறது? அம்பர்நாத்தில் ரயிலில் போகும்போது நமக்குத் தெரியும் மலங்கட், சந்தேரி மலைகள் பன்வெல் பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். தெற்கே கர்னாளா கோட்டையின் கட்டைவிரல் போன்ற பாறை. இவை மட்டும் மாறவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது. 1970இல் சிட்கோ நிறுவனம் தொடங்கி நவி மும்பை வளர ஆரம்பித்தது. 1989இல் நவ ஷேவா துறைமுகம் செயல்படத் தொடங்கியதும் அந்தத் தண்டவாளங்களில் கன்டெய்னர் வண்டிகள் ஓடின. 2025 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட விமான நிலையத்துக்காக உல்வே குன்றையே வெட்டிச் சமன்செய்தார்கள். மலை விளிம்பை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிற எங்கள் மாதிரி ஆட்களுக்கு, மலையே காணாமல் போவது புது அனுபவம்தான். கட்டடங்கள் எழும்புவதற்கு முந்தைய பன்வெல் வெளி எப்படி இருந்தது என்பதற்கு இன்று கைவசம் இருக்கும் அசையும் படச் சான்றுகளில் அந்தக் கொள்ளைக் காட்சியும் ஒன்று.

பாறை பொய் சொல்லாது

அதே படத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கதைப்படி ரயில் போகும் ஊரும் கப்பர் சிங் ஒளிந்திருக்கும் மலையும் வட இந்தியாவில் அடுத்தடுத்து இருப்பவை. பாறையைப் பார்த்தால் இரண்டும் இரண்டு நாடு.

நம் பக்கத்துப் பாறை கருநிறம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்தது. அதனால்தான் இங்குள்ள மலைகள் தட்டையான உச்சியும் படிக்கட்டு மாதிரிச் சரிவுமாக இருக்கின்றன. அம்பர்நாத் சிவன் கோவில் கி.பி. 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கொண்டது. சிலாகார மன்னர் காலத்தது. அதுவும் இந்தக் கருங்கல்லில் செதுக்கியதுதான். மாறாக, கப்பர் உட்கார்ந்திருக்கும் பாறைகளோ உருண்டு திரண்ட வெளிர் நிற கிரானைட். அது கர்நாடகாவில் பெங்களூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராமநகரம். வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு குளோஸ்பெட் என்று பெயர். அந்தக் கல்லுக்கும் நிலவியலில் 'குளோஸ்பெட் கிரானைட்' என்றே பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

அங்கே கலை இயக்குநர் ராம் யேடேகர் ஒரு முழுக் கிராமத்தையே கட்டினார். நெடுஞ்சாலையிலிருந்து அந்த இடத்துக்குப் படக்குழுவே சாலை போட்டது. ஊரின் ஒரு பகுதியைச் சில காலம் 'சிப்பி நகர்' என்றே அழைத்தார்கள். சிறைச்சாலைக் காட்சிக்கான செட் பம்பாயில் ராஜ்கமல் ஸ்டுடியோ அருகே போடப்பட்டது. டேவிட் லீன் 'எ பாஸேஜ் டு இந்தியா' (1984) படத்துக்கு அதே வட்டாரத்துப் பாறைகளைத்தான் பயன்படுத்தினார். ராமதேவர பெட்டா மலை 2012 முதல் கழுகுகளின் சரணாலயம். கிராமம் பிரிக்கப்பட்டுப் போய்விட்டது. பாறை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆக, நாம் "ஓர் இடம்" என்று நம்பியது மூன்று நான்கு ஊர்களைத் தைத்துச் செய்த துணி. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் தாராவிக்கு வருவோம்.

சென்னையில் எழுந்த தாராவி

மணிரத்னத்தின் 'நாயகன்' 1987 அக்டோபர் 21, தீபாவளிக்கு வெளியானது. தூத்துக்குடியில் தன் தகப்பனைக் கொன்ற போலீஸ்காரரைக் கொன்றுவிட்டுப் பம்பாய்க்கு ஓடிவரும் சிறுவன் வேலு, தாராவியில் வளர்ந்து வேலு நாயக்கர் ஆகிறான். வரதராஜ முதலியாரின் வாழ்க்கையை ஒட்டிப் பிறந்த கதை என்பது எல்லாரும் அறிந்ததே. அவர் 1988இல் காலமானார். கமல்ஹாசனுக்கு நடிப்புக்கும், பி.சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்கும், தோட்டா தரணிக்குக் கலை இயக்கத்துக்கும் அப்படம் தேசிய விருதுகள் வாங்கித் தந்தது. 2005இல் 'டைம்' இதழ் எல்லாக் காலத்துக்குமான நூறு படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

அந்த மூன்று விருதுகளில் கடைசி விருதைக் கவனியுங்கள். கலை இயக்கத்துக்கு ஏன் விருது? நாம் படத்தில் பார்க்கும் தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி எழுப்பிய செட். பம்பாயிலும் சில நாட்கள் படமெடுத்தார்கள். அதற்குப் பொருந்தும்படி சந்து, சாக்கடை, தகரக் கூரை, மரப்படி எல்லாவற்றையும் சென்னையில் செய்துவைத்தார்கள்.

காரணங்கள் புரிந்துகொள்ளக்கூடியவைதான். நிஜத் தாராவியின் சந்துகளில் கேமராவை வைக்கவே இடம் கிடையாது. பிரபல நடிகர் வந்து நின்றால் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது. கதை பல பத்தாண்டுகள் நகர்கிறது. சிறுவன் வேலுவின் காலத்தையும் கிழவர் வேலுவின் காலத்தையும் ஒரே சந்தில் மாற்றி மாற்றிக் காட்ட செட்டில்தான் முடியும். முப்பது ஆண்டு கழித்து பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) வந்தபோதும் மும்பையில் கொஞ்சம் எடுத்துவிட்டு, தாராவியைச் சென்னையில் செட்டாகத்தான் போட்டார்கள்.

எனவே விருந்தினர் கேட்கும் அந்த "நாயகன் தாராவி" பெரும்பாலும் தாராவியில் இருந்ததே இல்லை. இதில் சினிமாக்காரர்கள் மேல் குற்றம் இல்லை. அவர்கள் வேலையை அவர்கள் அருமையாகச் செய்தார்கள். நான் கவலைப்படுவது வேறு விஷயம். செட்டை நாம் நிஜமாக எடுத்துக்கொண்டோம். நிஜத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

படத்தில் வராதவர்கள்

நிஜத் தாராவி எப்படி உண்டானது? மீனவர்களான கோலிகளின் ஊர் அது. தோல் பதனிடும் முதல் தொழிற்சாலை 1887இல் தென் பம்பாயிலிருந்து அங்கே வந்தது. பாந்த்ராவில் இறைச்சிக்கூடம் இருந்ததால் தோல் பக்கத்திலேயே கிடைத்தது. அந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் திருநெல்வேலிச் சீமைத் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் முக்கியமானவர்கள். பெரிய மசூதியின் தொடக்கமும் அதே 1887தான். தாராவியின் பழைய இந்துக் கோவிலான கணேசர் கோவில் 1913இல் எழுந்தது. அதைக் கட்டியது ஆதிதிராவிட மகாஜன சங்கம். முதல் தமிழ்ப் பள்ளி 1924. சௌராஷ்டிரத்துக் குயவர்களின் கும்பார்வாடா வேறு ஒரு தனிக் கதை.

பாருங்கள், தொழில், மசூதி, கோவில், பள்ளிக்கூடம் என்ற வரிசையில் நம்மவர்கள் கட்டிய ஊர் அது. வரதராஜ முதலியார் பிறப்பதற்கு முன்பே தாராவியில் தமிழ்ப் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இன்று நம் பேரப்பிள்ளைகளிடம் "தாராவித் தமிழர்" என்று சொன்னால் மனதில் வருவது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு தாதாதான். ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தானின் நிழல் விழுந்ததாகச் சொல்லப்படும் 'தீவார்' (1975) படத்திலிருந்து இது தொடர்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவர் கடத்தல்காரர் ஆனார். படம் அந்த ஒருவரைப் பற்றித்தான். மூட்டை தூக்கியே பிள்ளைகளைப் படிக்கவைத்த மற்றவர்களுக்கு எந்தக் கேமராவும் திரும்பவில்லை.

'நாயகன்' படத்தில் குடிசைகளை இடிக்கும் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். இடிக்கவைத்த சேட்டின் வீட்டுக்கே வேலு ஆட்களோடு போய்க் கண்ணாடிகளை உடைத்து நொறுக்குவார். அரோரா திரையரங்கில் அதற்குக் கைதட்டிய தலைமுறை இன்னும் மாட்டுங்காவில் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் பம்பாயில் நிஜமாக நடந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1961இல் சேலத்திலிருந்து ஒரு தமிழர் பம்பாய்க்கு வந்தார். ஊரில் நிலமற்ற கூலி. வறட்சியால் வேலை போனது. தஹிசரில் ஓர் இரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போர்த்திய ஒரு குடிசைக்கு ஒரு குடிசை முதலாளியிடம் 2,500 ரூபாய் அழுதார். அதில் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும். 1981 ஜூலையில் முதலமைச்சர் அந்துலே நடைபாதைவாசிகளை அகற்ற உத்தரவிட்டபோது அந்தக் குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தையே பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அவர் வேலை தேடித் திரும்பி வந்தார். வந்தவர் யார் வீட்டுக் கண்ணாடியையும் உடைக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

'ஓல்கா டெல்லிஸ்' வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற அந்தத் தீர்ப்பு 1985 ஜூலை 10 அன்று வந்தது. அவரும் அதில் மனுதாரர். வாழும் உரிமை என்பதில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே சமயம் நடைபாதையிலிருந்து முறைப்படி அகற்றுவதை நீதிமன்றம் தடுக்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை பொறுக்கச் சொன்னது. வெற்றியும் தோல்வியும் கலந்த முடிவுதான். இருந்தாலும் இன்றுவரை இந்தியாவில் குடிசை வழக்கு எதுவானாலும் வக்கீல்கள் முதலில் எடுப்பது அந்தத் தீர்ப்பை. 'நாயகன்' வெளியானது அதற்கு இரண்டே ஆண்டு கழித்து. சம்மட்டி எடுத்த தமிழரை நாம் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம். மனு எடுத்த தமிழரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேமரா காப்பாற்றிய இடங்கள்

சினிமா எப்போதும் இடத்தை மறைக்கும் என்றும் சொல்ல முடியாது. எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) படத்துக்காக 1970இல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் போய்ப் படமெடுத்தார்கள். அந்தக் கண்காட்சி மார்ச் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம்தான். பெரும்பாலான அரங்குகளை முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். தாரோ ஒகாமோட்டோ செய்த 'சூரிய கோபுரம்' பூங்காவுக்குள் இன்றும் நிற்கிறது. ஜப்பானில் மறைந்துபோன கட்டடங்கள் ஒரு தமிழ்ச் சண்டைப் படத்தில் வண்ணத்தில் உயிரோடு இருக்கின்றன. 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தின் கப்பலும் கடலும் நம் கொங்கணக் கரையை ஒட்டிய கார்வார் பக்கத்தில் எடுத்தவை.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: கேமரா நிஜ இடத்தில் நின்றதா, செட்டில் நின்றதா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மலை விளிம்பைப் பாருங்கள். மின்கம்பி, தண்டவாளம், கடைப் பலகையின் எழுத்து, பஸ்ஸின் நிறம் பாருங்கள். நிழல் விழும் திசை ஒரே காட்சிக்குள் மாறுகிறதா பாருங்கள். வாசலைத் தாண்டி உள்ளே போகும்போது ஊரே மாறிவிடுகிறதா பாருங்கள். வீட்டுப் பசங்களோடு உட்கார்ந்து இதைச் செய்தால் படமும் பார்த்த மாதிரி, ஊரின் சரித்திரமும் படித்த மாதிரி.

நம் வீட்டு அலமாரியில்

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. வீடு வீடாக எண்ணெழுதிக் கணக்கெடுப்பும் நடந்திருக்கிறது. நல்ல வீடும் தண்ணீரும் கழிப்பறையும் அங்குள்ளவர்களுக்கு வர வேண்டும். அதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியில் பல குடும்பங்கள் தூக்கமில்லாமல் இருப்பதும் உண்மை. எப்படியானாலும் இப்போதுள்ள சந்துகள் இருக்கப்போவதில்லை. அவை போனபின், தாராவி எப்படி இருந்தது என்று கேட்பவருக்கு வீனஸ் ஸ்டுடியோ செட்டைத்தான் காட்டுவோமா?

எங்கள் அம்பர்நாத்துக்கும் இதே கதிதான். 1923இல் சுவீடன்காரர்கள் தொடங்கிய விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் தொழிற்சாலை இங்கே இருந்தது. இன்று 'விம்கோ நாக்கா' என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொல்லும் பெயரில்தான் அது பிழைத்திருக்கிறது. ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் வெளியே வந்த தமிழ்த் தொழிலாளர்களை எந்த இயக்குநரும் படம் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு பிரிவு உபசார விழாவின் குரூப் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அதில் பின்னால் ஒரு வாசல், ஒரு பெயர்ப் பலகை, ஒரு மரம் தெரியும். அதுதான் நிஜ இடம்.

நம் சங்கக் குடும்பங்கள் ஒவ்வொன்றிடமும் நான் வைக்கும் வேண்டுகோள் இது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், கல்யாண், அம்பர்நாத் என்று எங்கே இருந்தாலும், பழைய ஆல்பத்தை எடுங்கள். கல்யாண போட்டோ, பிள்ளையார் சதுர்த்திப் பந்தல், பள்ளி ஆண்டு விழா, மில் வாசல் என்று எதுவானாலும் சரி. பின்பக்கம் இடம், ஆண்டு, நிற்பவர் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். எழுதத் தெரிந்த தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். சங்கம் அவற்றைப் பிரதி எடுத்து ஓரிடத்தில் சேர்த்துவைக்கலாம். சினிமாக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய தாராவியைக் கட்டிக்கொண்டார்கள். நம்முடைய தாராவிக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.